கோலாலம்பூரில் வேலை, புறநகரில் வீடு: குடும்பத்தோடு குடியேற எதைப் பார்த்து இடம் தேர்ந்தெடுப்பது?

கேள்வியின் சுருக்கம் இது: கணவன், மனைவி இருவருக்கும் நகருக்குள் வேலை. தொடக்கப்பள்ளி வயதில் இரண்டு பிள்ளைகள், கூடவே வயதான அம்மா. 5 லட்சம் ரிங்கிட்டை ஒட்டி வீடு வாங்கத் திட்டம். கிள்ளான், பூச்சோங், காஜாங், செமினி, ரவாங் என்று ஐந்து இடம் பட்டியலில் இருக்கிறது. குடும்பங்களுக்கு ஒரு புறநகர் பிடித்துப்போவது எதனால்?

விளம்பரப் பலகையில் ஏரியும் பூங்காவும் கிளப் ஹவுஸும் இருக்கும். குடியேறி ஆறு மாதம் ஆனால் அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஜாம், டோல், பள்ளி வேன், இந்த மூன்றைச் சுற்றித்தான் பேச்சு. ஆகவே எந்த இடத்தைப் பார்த்தாலும் ஒன்றை மட்டும் முதலில் கேளுங்கள்: வீட்டுக் கார்களில் ஒன்று பட்டறையில் கிடக்கும் நாளில், ஐந்து பேரும் அவரவர் போக வேண்டிய இடத்துக்குப் போய் வீடு திரும்ப முடியுமா? முடியும் என்றால் அந்த இடத்துக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பதில் தப்பில்லை. முடியாது என்றால், வீடு மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே அதுதான்.

கணக்குப் போட்டால் விளங்கும். ஒரு லட்சம் ரிங்கிட் மலிவு என்று தள்ளி ஒரு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 4 விழுக்காடு வட்டி, 35 ஆண்டுக் கடன் என்றால் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 443 ரிங்கிட். மிச்சமாவது அவ்வளவுதான். இனி இரண்டாவது கார். போக வர 80 கிலோமீட்டர், மாதம் 22 வேலை நாள், மொத்தம் 1,760 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடினால் 147 லிட்டர். லிட்டர் 2 ரிங்கிட் என்று வைத்தாலும் 294. வழியில் 2 ரிங்கிட் டோல் இரண்டு இருந்தால் போக வர மாதம் 176. நகருக்குள் கார் நிறுத்த நாளுக்கு 10 என்றால் 220. ஆக மொத்தம் 690. காரின் தவணை, காப்புறுதி, சாலை வரி, டயர் எதுவும் இதில் இல்லை. மலிவு வீடு மாதம் 250 ரிங்கிட் கையைக் கடித்துவிட்டது.

அதே ஆள் ரயிலில் போனால் மை50 பாஸ் போதும். 50 ரிங்கிட்டுக்கு 30 நாள், எம்ஆர்டி, எல்ஆர்டி, மோனோரயில், ரேபிட் கேஎல் பஸ், நிலையத்துக்கு ஓடும் இணைப்புப் பஸ் எல்லாம் அதில் அடங்கும். மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். கேடிஎம் கொமுட்டர் என்ற புறநகர் ரயில் இதில் சேராது. வீடு காட்ட வரும் ஏஜெண்ட் இதைத் தானாகச் சொல்லமாட்டார். "பக்கத்திலேயே ரயில் இருக்கு" என்றதும் எந்த ரயில் என்று கேளுங்கள்.

உங்கள் ஐந்து இடங்களுக்குள் இதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. காஜாங்கில் 2017இலிருந்து எம்ஆர்டியும் ஓடுகிறது, கேடிஎம்மும் உண்டு. எம்ஆர்டி மாலுரி, டிஆர்எக்ஸ், புக்கிட் பிந்தாங், பாசார் செனி என்று வேலை இடங்களுக்குள்ளேயே புகுந்து போவதால் பலருக்கு ரயில் மாறும் வேலையே இல்லை. பூச்சோங்கில் ஸ்ரீ பெட்டாலிங் எல்ஆர்டி தடம் 2016இல் புத்ரா ஹைட்ஸ் வரை நீண்டது. வசதிதான், ஆனால் சுற்றி வளைத்துப் போகும் தடம். தெற்குப் பூச்சோங்கிலிருந்து மஸ்ஜிட் ஜாமேக் போவதற்குள் ஒரு தூக்கம் போடலாம். கிள்ளானுக்கும் ரவாங்கிற்கும் கொமுட்டர்தான் துணை. கேஎல் சென்ட்ரலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். அதைவிட இடைவெளிதான் தொந்தரவு: ஒரு ரயிலைத் தவறவிட்டால் அடுத்தது வர அரை மணி நேரம் ஆகலாம். வேலை சென்ட்ரல், பேங்க் நெகாரா பக்கம் என்றால் கொமுட்டர் நல்ல ஏற்பாடு. கேஎல்சிசி என்றால் சென்ட்ரலில் இறங்கி எல்ஆர்டிக்கு மாற வேண்டும். செமினியில் ரயிலே இல்லை; எதற்கும் காஜாங் வரை வந்தாக வேண்டும்.

வரப்போகும் ரயிலுக்கு இன்றே விலை கொடுக்காதீர்கள். பண்டார் உத்தாமாவிலிருந்து கிள்ளான் ஜோகான் செத்தியா வரை போடப்பட்ட ஷா ஆலாம் எல்ஆர்டி தடம் முதலில் 2020இல் ஓடும் என்றார்கள். 2018இல் செலவை மறுபரிசீலனை செய்து நிலையங்களைக் குறைத்தார்கள், தேதியும் தள்ளிப்போனது. 2020ஐ நம்பி வாங்கியவர்கள் அதன் பிறகும் பல வருடம் காரில்தான் போனார்கள்.

நிலையம் வரைபடத்தில் 2 கிலோமீட்டர் என்றால் அது நடக்கும் தூரம் அல்ல. நடைபாதை இல்லாத இடத்தில், காலை மழையில், 500 மீட்டரே அதிகம். நிலையத்தில் கார் நிறுத்துமிடம் இருக்கிறதா, எத்தனை மணிக்கு நிரம்புகிறது என்று நேரில் பாருங்கள். எல்லா நிலையத்திலும் அந்த வசதி கிடையாது. இணைப்புப் பஸ் தாமானுக்குள் நுழைகிறதா, பெரிய சாலையோடு போய்விடுகிறதா என்பதையும் பாருங்கள்.

வாங்கும் முன் ஒரு வேலை நாளை இதற்காக ஒதுக்குங்கள். பள்ளி விடுமுறையில் போனால் பயனில்லை. செவ்வாய் அல்லது புதன் நல்லது. காலை 6.30க்கு அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி, தாமான் வாசல், முதல் டிராபிக் லைட், டோல், நிலையம், அலுவலகக் கதவு என்று ஒவ்வொரு இடத்திலும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாலை 6 மணிக்கு அதே வழியில் திரும்புங்கள். பலருக்கு அதிர்ச்சி தருவது நெடுஞ்சாலை இல்லை, தாமான் வாசல். ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஒரே ஒரு வெளிவழி இருக்கும் குடியிருப்புகள் இங்கே நிறைய. அந்தச் சந்திப்பைத் தாண்டவே இருபது நிமிடம் போகும். "கே.எல். 25 நிமிடம்" என்ற விளம்பரம் பொய்யில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் சரியாக இருக்கும். இரண்டு வெளிவழி, அதில் ஒன்று டோல் இல்லாத பழைய சாலை என்று அமைந்தால் அதுவே ஒரு சொத்து. கிள்ளான்வாசிகளுக்கு அந்த வாய்ப்பு உண்டு: கூட்டரசு நெடுஞ்சாலையில் 2018 ஜனவரி முதல் டோல் இல்லை. ஜாம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பள்ளிக்கூடம்தான் பல குடும்பங்களில் கடைசி முடிவைச் செய்கிறது. "பக்கத்தில் தமிழ்ப்பள்ளி உண்டு" என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடாதீர்கள். தமிழ்ப்பள்ளிகள் பெரும்பாலும் பழைய தோட்டங்கள் இருந்த இடங்களில்தான் நிற்கின்றன. பெயரிலேயே இன்னும் லாடாங் (தோட்டம்) இருக்கும். புதுத் தாமான் எழும்பிய இடமும் பள்ளி நிற்கும் இடமும் ஒட்டி வருவது அபூர்வம். பள்ளி வேன் உங்கள் தெருவுக்கு வருமா, முதலில் ஏறும் பிள்ளையா கடைசியில் ஏறும் பிள்ளையா என்று வேன் ஓட்டுநரிடமே கேளுங்கள். முதலில் ஏறுவது என்றால் 5.45க்கே பிள்ளை வாசலில் நிற்க வேண்டியிருக்கும். கிள்ளான் சிம்பாங் லீமா போன்ற பெரிய பள்ளி என்றால் இடம் கிடைக்குமா என்பது கேள்வி. 150க்கும் குறைவான மாணவர் உள்ள பள்ளி என்றால் வகுப்பு சிறியது, ஆசிரியர் கவனிப்பு கிடைக்கும், ஆனால் பாட்டு, விளையாட்டுக் குழு அமைக்க ஆள் போதாது. திட்ட வரைபடத்தில் "பள்ளி நிலம்" என்று குறித்திருந்தால் அது ஒதுக்கிய நிலம் மட்டும்தான். கட்டடம் எப்போது எழும் என்று மேம்பாட்டாளரால் சொல்ல முடியாது.

இடைநிலைப்பள்ளியையும் இப்போதே விசாரித்துவிடுங்கள். நெரிசலான புறநகர்களில் பல பள்ளிகள் இரண்டு வேளை நடக்கின்றன. படிவம் 1, 2 மாணவர்கள் மதியம் போய் மாலை ஆறரைக்கு வருவார்கள். மூத்தவன் மதியம், இளையவள் காலை என்று ஆகிவிட்டால் ஒரே வீட்டில் நாளுக்கு நான்கு முறை வண்டி எடுக்க வேண்டும். தமிழ் பாடம் நடக்கிறதா என்றும் கேளுங்கள்: 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் பள்ளி அதற்கு ஏற்பாடு செய்ய வழி உண்டு, ஆசிரியர் இருக்கிறாரா என்பது வேறு விஷயம். தொடக்கப்பள்ளி மதியம் ஒரு மணியளவில் விட்டுவிடும். அதிலிருந்து நீங்கள் வீடு வரும்வரை பிள்ளைகளை யார் பார்ப்பது? அம்மாவால் முடியாத நாளில், நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்குப் பிந்திய பராமரிப்போ டியூஷன் சென்டரோ இருக்கிற தாமான், நீச்சல் குளம் உள்ள தாமானைவிட எவ்வளவோ மேல்.

அம்மாவுக்காகப் பார்க்க வேண்டியது கீழ்த்தளத்தில் ஒரு அறையும் குளியலறையும். 20 அடி அகல இரண்டு மாடித் தெரஸ் வீட்டில் (வரிசை வீட்டில்) கீழ் அறை இருந்தாலும் கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்காது. 22 அடியில் சமாளிக்கலாம். நடந்து போகும் தூரத்தில் கிளினிக், மளிகைக்கடை, முடிந்தால் ஒரு கோவில் இருந்தால் அம்மாவுக்கு வேறென்ன வேண்டும்? இரவு 9 மணிக்கு அந்தத் தெருவில் ஒரு நடை போய்ப் பாருங்கள். இரு பக்கமும் கார் நின்று நடுவில் ஒரு வண்டிகூடக் கஷ்டப்பட்டு நுழைந்தால், ஆம்புலன்ஸும் குப்பை லாரியும் அப்படித்தான் நுழைய வேண்டும்.

தண்ணீரும் மண்ணும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது எல்லாருக்கும் தெரியும். அதைச் சுற்றி, கிள்ளான் ஆற்றோரத் தாழ்நிலங்களில் விலை குறைந்த வீடு கண்ணில் பட்டால் முதல் சந்தேகம் வெள்ளமாக இருக்கட்டும். பழைய வீட்டில் தடயம் கிடைக்கும். கீழ்த்தள மின் சொக்கெட்டுகள் மட்டும் இடுப்புக்கு மேல் ஏற்றப்பட்டிருக்கிறதா? கிச்சன் கேபினட்டின் அடிப்பலகை ஊதியிருக்கிறதா? சுவரில் முழங்கால் உயரம் வரை மட்டும் புதுப் பெயின்டா? வீட்டுக்குள் பார்த்ததும் பின்சந்துக்குப் போய் லோங்காங்கை (சாக்கடையை) பாருங்கள். மழை இல்லாத நாளிலும் தண்ணீர் தேங்கி நின்றால் வடிகால் சரிவு கெட்டிருக்கிறது என்று அர்த்தம். பிறகு மூலைக்கடைக்காரரைக் கேளுங்கள். வீட்டை விற்பவர் மறைப்பார், கடைக்காரருக்கு மறைக்க ஒன்றுமில்லை.

கிள்ளான் பக்கம் மண் மெத்தென்ற களிமண். வீட்டு உரிமையாளர் பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறைக்கு பைலிங் (ஆழ அடிக்கும் அடித்தளத் தூண்) போடவில்லை என்றால் அது தனியாக இறங்கும். பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் விரல் நுழையும் விரிசல் தெரியும். வீட்டின் தூண் அப்படியே நிற்க கார் போர்ச் தளம் மட்டும் இறங்குவதும் இதே காரணத்தால்தான். அதைச் சரிசெய்யும் செலவை விலையில் கழியுங்கள். செமினி, ரவாங் பக்கம் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிய நிலம் அதிகம், அங்கே வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவையும் தாங்குசுவரையும் கவனியுங்கள். மின் கோபுரப் பாதை, எரிவாயுக் குழாய்ப் பாதை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்றும் கேளுங்கள். 2025 ஏப்ரல் 1 புத்ரா ஹைட்ஸ் தீக்குப் பிறகு இதைக் கேட்க யாரும் தயங்குவதில்லை. சிலாங்கூரில் எங்கே வாங்கினாலும் ஆற்றுத் தூய்மைக்கேட்டால் குழாய்த் தண்ணீர் நிற்கும் நாள் வரும். கூரைத் தொட்டியின் அளவைப் பாருங்கள், ஐந்து பேருக்கு ஒரு முழு நாளாவது தாங்க வேண்டும்.

வீடு பிடித்துவிட்டால், பணம் கொடுக்கும் முன் நிலப்பட்டாவின் நகலை வாங்கி, நில அலுவலகத்தில் ஒரு தேடல் செய்யச் சொல்லுங்கள். மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்றால் நம்மால் வாங்க முடியாது. பூமி லாட் (பூமிபுத்ராக்களுக்கு ஒதுக்கிய வீடு) என்றால் மாநில அனுமதி வேண்டும், மாதக்கணக்கில் காத்திருந்தும் கிடைக்காமல் போகலாம். 99 ஆண்டுக் குத்தகை நிலத்துக்கும் பெயர் மாற்ற ஒப்புதல் தேவை. மிச்ச ஆண்டு 60க்குக் கீழே போனால் வங்கி கடன் தரத் தயங்கும், நாளை உங்களிடம் வாங்க வருபவருக்கும் அதே சிக்கல். காவலாளி வைத்த தாமான் என்றால் அது ஸ்ட்ராட்டா பட்டாவா (பொது இடங்களைச் சேர்ந்து வைத்திருக்கும் பட்டா), குடியிருப்பாளர் சங்கம் வைத்த தடுப்பா என்று பிரித்துக் கேளுங்கள். முதலாவதில் பராமரிப்புக் கட்டணம் சட்டப்படி கட்டாயம். இரண்டாவதில் பாதிப் பேர் கட்டுவதை நிறுத்தினால் காவலாளி போய்விடுவார்.

5 லட்சம் வீட்டுக்குக் கையில் வைத்திருக்க வேண்டியது 10 விழுக்காடு முன்பணம் 50,000. பெயர் மாற்ற முத்திரை வரி 9,000, நாலரை லட்சம் கடன் பத்திரத்துக்கு 2,250. முதல் வீடு வாங்குபவருக்கு 5 லட்சம் வரை முத்திரை வரி விலக்கு உண்டு, ஆனால் அதற்குக் காலக்கெடு இருப்பதால் நீங்கள் கையெழுத்திடும் தேதிக்குப் பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் உறுதிப்படுத்துங்கள். வழக்கறிஞர் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம் தனி. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் வரும், அதை நம்பி முன்பதிவு செய்ய வேண்டாம்.

முன்பதிவுப் பணம் வழக்கமாக 2 அல்லது 3 விழுக்காடு. அதை ஏஜெண்டின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கிலோ வழக்கறிஞரிடமோ கட்டி ரசீது வாங்குங்கள். ஏஜெண்டின் பதிவு அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். படிவத்தில் "வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்பத் தரப்படும்" என்ற வரியும், எத்தனை நாளுக்குள் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். வாயால் சொன்னது போதாது. இரண்டு வங்கியிலாவது கடனுக்கு மனுப் போட்டு, ஒன்றிடமிருந்து எழுத்து மூலம் ஒப்புதல் வந்த பிறகே மீதி முன்பணத்தைக் கட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.