முதியோர் பெருகினால் வீட்டுத் தீயில் ஆபத்து ஏன் கூடுகிறது?

முதியோர் அதிகமானால் வீட்டுத் தீயில் சாவும் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜப்பானைப் பாருங்கள். அங்கே 65 வயதைத் தாண்டியவர்கள் மக்கள்தொகையில் சுமார் 29 சதவீதம். வீட்டுத் தீயில் இறப்பவர்களிலோ ஏறக்குறைய பத்துக்கு ஏழு பேர். முக்கியக் காரணம், தப்பிக்க நேரம் போதாமல் போவது.

குளிர்காலத்தில் மண்ணெண்ணெய் ஹீட்டரை அணைக்காமலே எண்ணெய் ஊற்றுவது, அடுப்புக்கு அப்பால் இருக்கும் பாத்திரத்தை எட்டி எடுக்கையில் தொளதொள சட்டைக் கை பற்றிக்கொள்வது... தொடக்கம் இப்படிச் சின்னதாகத்தான் இருக்கும். இளைஞர் உதறிவிட்டு ஓடுவார். முட்டிவலிக்காரர் எழுந்திருப்பதற்குள் அறை புகையாகிவிடும்.

ஜப்பானில் 2006இல் புது வீடுகளுக்கும், 2011க்குள் பழைய வீடுகளுக்கும் புகை அலாரம் கட்டாயமானது. 2008 முதல் கேஸ் அடுப்புகளில் சூடு அதிகமானால் தானே அணையும் சென்சாரும் வந்தது. என்னைக் கேட்டால் சென்சார்தான் கெட்டிக்காரத்தனம். மனிதரின் வேகத்தை அது நம்பியிருக்கவில்லை.

அலாரத்தில் ஒரு சிக்கல் உண்டு. வயதாகும்போது முதலில் மங்குவது கீச்சுச் சத்தம் கேட்கும் திறன். வழக்கமான அலாரம் கத்துவதோ அதே கீச்சுக் குரலில், சுமார் 3000 ஹெர்ட்ஸில். தூங்குபவரை எழுப்ப 520 ஹெர்ட்ஸ் அளவிலான தடித்த ஒலிதான் நல்லது. அப்புறம், பேட்டரி பத்து வருடம் வரும், சரி. அது தீர்ந்தால் எண்பது வயதுக்காரர் நாற்காலியில் ஏறித்தான் மாற்ற வேண்டும்.