டப்பிங் படங்களை இணையத் திருட்டு உண்மையிலேயே பாதிக்கிறதா?

"நேரடிப் படம் எடுத்தவருக்கு நஷ்டம், சரி. ஏற்கெனவே இன்னொரு மொழியில் ஓடி முடிந்த படத்துக்குக் குரல் மட்டும் மாற்றிப் போடுகிறார்கள். அது இணையத்தில் வந்தால் யாருக்கு என்ன போய்விடும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தெலுங்கு, கன்னடப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது என் வேலை. நேரடிப் படத்தைவிட டப்பிங் படத்துக்குத்தான் அடி பலமாக விழுகிறது என்பது என் எண்ணம்.

ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தெலுங்கு நாயகன் "ப்ரேம" என்கிறான். திரை முழுக்க அவன் முகம். அந்தச் சொல்லில் உதடு இரண்டு முறை சேரும். நான் "காதல்" என்று எழுதினால் ஒரு முறைகூடச் சேராது. "அன்பு" ஒரு தடவை சேரும், அதுவும் கடைசியில். "பிரியம்" என்றால் முதலிலும் முடிவிலும் சேர்ந்துவிடும். ஆனால் லாரி ஓட்டும் ஒருவன் "பிரியம்" என்றா பேசுவான்? பேசமாட்டான் என்றால் வாக்கியத்தையே கலைத்துப் போட்டு வேறு வழி தேட வேண்டும். பிறகு குரல் கொடுப்பவர் அதே மூச்சில், அதே கோபத்தில் அதைப் பேச வேண்டும். அரை நொடி முந்தினால் சவுண்ட் இன்ஜினியர் இழுத்துச் சரிசெய்வார். படம் முழுக்க இந்த உழைப்புதான்.

திருட்டுப் பிரதியில் முதலில் சாவது இதுதான். தியேட்டருக்குள் தமிழ் ஒலியை மட்டும் பதிவு செய்து, மூல மொழியில் வெளியான நல்ல பிரிண்டின் மேல் ஒட்டிவிடுகிறார்கள். இரண்டின் நீளமும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை. எங்கோ ஒரு காட்சி வெட்டப்பட்டிருக்கும், இடைவேளை வேறு இடத்தில் வந்திருக்கும். அரை மணி நேரத்துக்குள் வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். பார்ப்பவர் திருடியவனைத் திட்டுவதில்லை. "டப்பிங் கேவலம்" என்று எங்களைச் சொல்கிறார்.

என் அக்கா மகனும் அப்படித்தான் சொன்னான். டெலிகிராமில் வந்த இணைப்பை எனக்கே அனுப்பி, "மாமா, நீங்க எழுதின படம் பார்த்தேன், கதை நல்லா இருக்கு, ஆனா வாயே சேரல" என்றான். படம் தியேட்டருக்கு வந்து மூன்றாவது நாள் அது. அவன் மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இனி பணம். மூலப் படத்தின் தயாரிப்பாளருக்குச் சொந்த மாநில வசூல், ஓடிடி, டிவி என்று பல வழிகள் இருக்கின்றன. தமிழ் உரிமையை மட்டும் மொத்தமாக விலைக்கு வாங்கிய சின்ன விநியோகஸ்தருக்குப் பெரும்பாலும் முதல் வெள்ளி, சனி, ஞாயிறுதான் எல்லாமே. ரசிகர் மன்றம் இல்லை, போஸ்டருக்குக்கூடக் கணக்குப் பார்க்கும் நிலை. வாய்மொழியாகப் பரவித்தான் கூட்டம் வர வேண்டும். அந்த வாய்மொழி பரவுவதற்குள் இலவசப் பிரதி பரவிவிடுகிறது. 2023இல் இந்தியாவில் திருட்டுத் திரைப்பட, ஓடிடி சந்தையின் அளவு 22,400 கோடி ரூபாய் என்று எர்ன்ஸ்ட் அண்ட் யங் என்ற ஆலோசனை நிறுவனமும், இந்திய இணைய, மொபைல் நிறுவனங்களின் சங்கமான ஐஏஎம்ஏஐயும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை சொன்னது. அதில் 13,700 கோடி தியேட்டர் படங்களிலிருந்து வந்தது.

ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்ட விநியோகஸ்தர் அடுத்த படத்தில் முதலில் குறைப்பது டப்பிங் செலவைத்தான். நான் எழுதிய ஒரு படத்துக்குப் பன்னிரண்டு பேர் குரல் கொடுப்பதாகப் பேச்சு. கடைசியில் ஐந்து பேர் வந்தார்கள். அப்பாவுக்கும் வில்லனுக்கும் ஒரே குரல். எங்களுக்குச் சம்பளம் ஒரு தடவைதான், அதனால் திருடப்பட்ட படத்தில் எங்களுக்கு நேரடி இழப்பு இல்லை என்று நினைக்கத் தோன்றும். இழப்பு அடுத்த படத்தில் வருகிறது, அந்த வராத ஏழு பேருக்கு.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2004லேயே வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். 2023 ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டத்தில் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதம், அதிகபட்சம் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம். அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு அதிகாரிகளை நியமித்து, புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் நடவடிக்கை என்றது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை புகார் கொடுத்தால் 48 மணி நேரம் ஞாயிறு மாலையில் முடிகிறது. டப்பிங் படத்தின் ஆயுளும் அதற்குள் முடிந்துவிடும்.

எங்கள் தரப்புத் தவறையும் சொல்லியாக வேண்டும். 'காந்தாரா' கன்னடத்தில் 2022 செப்டம்பர் 30 அன்று வந்தது, தமிழில் அக்டோபர் 15 அன்று. அந்தப் படம் எதையும் தாண்டி ஓடியது. எல்லாப் படத்துக்கும் அந்தப் பலம் கிடையாது. ஊரே பேசும் படம் தன் மொழியில் இல்லை என்றால், இரண்டு வாரம் பொறுமையாகக் காத்திருங்கள் என்று ரசிகரிடம் சொல்வது கடினம். சப்டைட்டில் போதுமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள், கண் மங்கிய முதியவர்கள், குழந்தைகள், இவர்களுக்கு டப்பிங்தான் ஒரே வாசல். எல்லா மொழியிலும் ஒரே நாளில் வெளியிடும் பழக்கம் இப்போது கூடியிருப்பது எனக்கு ஆறுதல். தேதி ஒன்றானால் திருடனுக்குக் கிடைக்கும் அவகாசம் குறைகிறது.

அக்கா மகனிடம் இதையெல்லாம் பிறகு உட்கார்ந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மாமா, காசு கொடுத்தே பார்க்கிறேன், தமிழ்ல எங்க இருக்கு?" என்றான். இருவரும் தேடினோம். படம் ஓடிடியில் இருந்தது, தெலுங்கில் மட்டும். தமிழ் ஒலியை அவர்கள் சேர்க்கவேயில்லை. நான் எழுதிய வசனம் இன்றைக்கும் அந்த வாய் சேராத பிரதியில்தான் இருக்கிறது.