மோசமான ஆட்சியாளரையும் கடவுள்தான் நியமித்தாரா?

பைபிளில் பவுல் எழுதிய ரோமர் 13-ன்படி எல்லா அதிகாரமும் தேவனால் நியமிக்கப்பட்டது என்றால், தப்பு செய்கிற ஆட்சியை ஒரு கிறிஸ்தவர் எதிர்த்துப் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேசலாம். சில நேரம் பேசியே ஆக வேண்டும்.

ரோம ஆளுநர் பிலாத்து முன்னால் இயேசு விசாரணைக்கு நிற்கிறார். உன்னைச் சிலுவையில் அறையவும் எனக்கு அதிகாரம் உண்டு, விடுதலை பண்ணவும் அதிகாரம் உண்டு என்று அவன் சொல்ல, பரத்திலிருந்து கொடுக்கப்படாவிட்டால் என்மேல் உமக்கு ஒரு அதிகாரமும் இராது என்கிறார் (யோவான் 19:11). நம் ஆட்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே வசனத்தின் அடுத்த பாதியில், தம்மை ஒப்புக்கொடுத்தவனுக்கு 'அதிக பாவமுண்டு' என்று வருகிறது. அவனுக்கு அதிகம் என்றால் பிலாத்துக்கும் பாவம் உண்டு என்றுதானே ஆகிறது? அதிகாரம் மேலேயிருந்து வந்தது, அதை வைத்துச் செய்த அநியாயத்துக்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

'ராஜாவின் இருதயம் கர்த்தரின் கையில் நீர்க்கால்களைப்போலிருக்கிறது' என்ற நீதிமொழிகள் 21:1 எங்களைப் போன்ற கடைமடைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் பிரிந்து, ஆறு, வாய்க்கால் என்று இறங்கி எங்கள் வயலுக்கு வருகிற வரைக்கும் ஒவ்வொரு மதகிலும் ஒரு கை வேலை செய்கிறது, வாய்க்கால் தானாக எந்தப் பக்கமும் திரும்புவதில்லை. எவ்வளவு பெரிய தலைவராக இருந்தாலும் வசனம் அவரை அந்த வாய்க்கால் இடத்தில்தான் வைக்கிறது, அப்புறம் அவரைப் பார்த்து நடுங்குவானேன், காலில் விழுவானேன்?

எங்கள் பக்கத்துத் தரங்கம்பாடியையே பாருங்கள், ஒரு காலத்தில் டென்மார்க்காரர்கள் கையில் இருந்த ஊர். டென்மார்க் ராஜா நான்காம் பிரெடரிக் அனுப்பித்தான் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல் அங்கே வந்து இறங்கினார். அதே ராஜாவின் கொடி பறந்த கோட்டையின் தளபதி 1708-ல் அவரைப் பிடித்து நான்கு மாதம் சிறையில் போட்டார். ஒரு விதவையின் கடன் விவகாரத்தில் அவளுக்காகப் பேசினார் என்பதில் ஆரம்பித்த தகராறு அது. ரோமர் 13 அவருக்குத் தெரியாததா? தெரிந்தும் பேசினார், சிறைக்கும் போனார். வெளியே வந்த பிறகு, 1715-ல், தமிழ்ப் புதிய ஏற்பாடு அதே ஊரில் அச்சாகி முடிந்தது. அவர் கட்டிய புது எருசலேம் ஆலயத்தின் முகப்பில் அந்த ராஜாவின் முத்திரை இன்னும் இருக்கிறது. டென்மார்க்காரர்கள் 1845-ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றார்கள், ஆங்கிலேயரும் போய்விட்டார்கள், ஆராதனை மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.

ஆகவே கீழ்ப்படிதல் உண்டு: வரி கட்டுங்கள், சட்டத்தை மதியுங்கள், நீங்கள் ஓட்டுப் போடாத ஆட்சியாளருக்காகவும் பெயர் சொல்லி ஜெபியுங்கள் (1 தீமோத்தேயு 2:1-2 எழுதப்பட்டதும் ரோமப் பேரரசின் கீழ்தான்). தேவன் சொன்னதற்கு நேர் எதிராகச் செய்யச் சொன்னால் மனுஷரைவிட தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்கிற அப்போஸ்தலர் 5:29 இருக்கிறது, மறுத்துவிடுங்கள், அதற்கு வரும் விலையையும் கொடுங்கள். மற்றபடி அநியாயம் கண்ணில் பட்டால், ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தோடு விட்டுவிடாமல் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு போய் நில்லுங்கள்.