நிஷிகி சந்தையில் எந்தக் கடையில் எதை வாங்குவது?

கேள்வி: நவம்பர் கடைசியில் அலுவலக வேலையாகக் கியோட்டோ போகிறேன். நிஷிகி சந்தைக்கு அரை நாள் ஒதுக்க முடியும். வீட்டில் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பும் நூடுல்ஸும் செய்யத் தேவையான பொருள்களை அங்கேயே வாங்க ஆசை. மனைவி சைவம், நான் மீன் சாப்பிடுவேன். எந்தக் கடையில் எதை, எவ்வளவு வாங்கலாம்? சென்னை வந்து சேரும்வரை கெடாமல் இருக்குமா?

பதில்: நிஷிகி என்பது கூரை வேய்ந்த ஒரே ஒரு சந்து. மேற்கே தகாகுரா தெருவிலிருந்து கிழக்கே தெராமாச்சி வரை 390 மீட்டர் நீளம். அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள். இங்குள்ள பழைய கடைகள் பெரும்பாலும் ஒரு பொருளை மட்டுமே விற்பவை. கொம்பு என்னும் கடற்பாசி விற்பவரிடம் வேறு எதுவும் இருக்காது, ஆனால் கொம்பிலேயே பல ரகம் இருக்கும். அவரிடம் போய் “நல்லதாகக் கொடுங்கள்” என்று கேட்காதீர்கள். விலை கூடியது கிடைக்கும், அது உங்கள் சமையலுக்குப் பொருந்தாமலும் போகலாம். “மிசோ சூப்புக்கு”, “நூடுல்ஸுக்கு” என்று என்ன சமைக்கப் போகிறீர்களோ அதைச் சொல்லுங்கள். போனில் மொழிபெயர்த்துக் காட்டினால் போதும், சரியான ரகத்தை அவர்களே எடுத்துத் தருவார்கள்.

அரை நாளில் பாதியைக் கொம்புக் கடைக்கும் கட்சுவோபுஷி என்னும் காய்ந்த மீன் விற்கும் கடைக்கும் கொடுங்கள். ஜப்பானியச் சமையலின் அடித்தளமான தாஷி என்னும் சாறு இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது. கொம்பின் சுவைக்குக் காரணம் அதிலுள்ள குளூட்டமேட் என்னும் பொருள் என்று 1908இல் கண்டறிந்தவர் கியோட்டோவில் பிறந்த வேதியியலாளர் இகேதா கிகுனாயே. கட்சுவோபுஷியில் இருப்பது இனோசினேட் என்னும் இன்னொரு சுவைப்பொருள். இரண்டும் சேர்ந்தால் சுவை கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறும்.

கொம்பில் கியோட்டோக்காரர்கள் விரும்புவது ரிஷிரி ரகம். சாறு தெளிவாக, நிறமில்லாமல் இறங்கும். ரவுசு ரகம் அடர்த்தியான சுவை தரும், சாறு சற்றுக் கலங்கும். ஹிதாகா சீக்கிரம் வெந்து மென்மையாகிவிடும் என்பதால் வேகவைத்துச் சாப்பிட நல்லது, தாஷிக்கு இரண்டாம் பட்சம். உங்களுக்கு ரிஷிரி 100 கிராம் போதும். லிட்டருக்கு 10 கிராம் கணக்கில் பத்து லிட்டர் சாறு வரும். மேலே வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பூஞ்சணம் என்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள். அது மேனிட்டால், சுவையின் ஒரு பகுதி. ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் போதும்.

செய்முறை: ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் கொம்பை இரவு முழுக்க ஃபிரிட்ஜில் ஊறவையுங்கள். அவசரமென்றால் 60 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம். கொதி வருமுன் கொம்பை எடுத்துவிட வேண்டும். கொதிக்கவிட்டால் வழுவழுப்பும் கசப்பும் இறங்கிவிடும். பலருக்குத் தாஷி கெடுவது இங்கேதான். இன்னொரு காரணம் தண்ணீர். கியோட்டோ நீர் மென்னீர். நம் போர்வெல் நீர் பெரும்பாலும் கடினநீர், அதில் கொம்பின் சுவை சரியாக இறங்காது. ஆர்.ஓ. நீரில் செய்யுங்கள். வீட்டில் யாருக்காவது தைராய்டு கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கொம்பைத் தொடாதீர்கள், அதில் அயோடின் மிக அதிகம்.

கட்சுவோபுஷி நமக்கு அவ்வளவு அந்நியமல்ல. மாலத்தீவிலும் மினிக்காயிலும் சூரை மீனை அவித்து, புகையிட்டு, காயவைத்துச் செய்யும் மாசிக் கருவாட்டின் உறவு அது. அதே சூரைதான், புகைபோடுவது மட்டும் பல நாள் நடக்கும். அத்தோடு நிறுத்தினால் அராபுஷி. அதன்மேல் பூஞ்சணம் படரவிட்டு வெயிலில் காயவைப்பதைத் திரும்பத் திரும்பச் செய்தால் கரேபுஷி. அராபுஷியில் புகைமணம் தூக்கலாக இருக்கும், விலை குறைவு, தினசரி மிசோ சூப்புக்கு இதுவே போதும். கரேபுஷி சாறு தெளிந்து மென்மையாக இருக்கும். முழுக் கட்டியாக வாங்கினால் சீவ மரப்பெட்டியில் பொருத்திய இழைப்புளி வேண்டும், அதைத் தீட்டிப் பராமரிக்கவும் தெரிய வேண்டும். முதல்முறை அது வேண்டாம்.

சீவியதில் இரண்டு வகை. காகிதம் போல மெல்லியது கொதி அடங்கிய நீரில் ஒன்றிரண்டு நிமிடம் கிடக்க வேண்டியது. தடித்த சீவல் பத்து நிமிடத்துக்கு மேல் கொதிக்கவைத்து நூடுல்ஸ் சாறு எடுக்க. ஒன்றின் வேலைக்கு மற்றொன்று உதவாது. மெல்லிய சீவல் லிட்டருக்கு 20 முதல் 25 கிராம். வடிகட்டும்போது பிழியாதீர்கள், மீன் வாடையும் கசப்பும் வந்துவிடும். காற்றுப் பட்டால் மணம் போய்விடும் என்பதால், பிரிக்காத சிறு பொட்டலங்களாகக் கேளுங்கள். பிரித்ததை ஃப்ரீசரில் வையுங்கள்.

உங்கள் மனைவிக்கான தாஷி வேறு: ஒரு லிட்டருக்குக் கொம்பு 10 கிராம், காய்ந்த ஷீத்தாகே காளான் 15 கிராம், இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில். பௌத்த மடங்களின் சைவச் சமையலில் இதற்கு நீண்ட வழக்கம் உண்டு. ஆகவே உலர் பொருள் கடையில் ஷீத்தாகே 100 கிராம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சைவர்கள் ஏமாறுவது பார்த்தால் தெரியாத மீனில். சந்தையின் புகழ்பெற்ற தாஷிமாகி என்னும் சுருட்டிய முட்டையில் பொதுவாக மீன் தாஷி கலந்திருக்கும். காய்கறி ஊறுகாயில்கூடச் சில நேரம் கட்சுவோ (சூரை மீன்) சாறு இருக்கும். “தாஷி இரி” (தாஷி சேர்த்தது) என்று எழுதிய மிசோவில் பெரும்பாலும் மீன் சாறு உண்டு. “காய்கறிதானே?” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். “கட்சுவோ தாஷி சேர்த்திருக்கிறதா?” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அவருக்கு நிம்மதியாக வாங்கக்கூடியவை யூபாவும் ஃபூவும். யூபா என்பது சோயாப்பாலைக் காய்ச்சும்போது மேலே படியும் ஏடு. பச்சை யூபா சில நாள்கூடத் தாங்காது, அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். தொட்டுக்கொள்ளத் தரும் சாற்றில்தான் மீன் இருக்கக்கூடும், வெறும் சோயா சாஸ் கேளுங்கள். காய்ந்த யூபா மாதக்கணக்கில் இருக்கும், ஐந்து நிமிடம் ஊறினால் சூப்பில் போடலாம். அப்பளம் போல நொறுங்கும், துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவாருங்கள். ஃபூ கோதுமைப் பசையத்தில் செய்வது. இதிலும் காய்ந்ததுதான் பயணத்துக்கு.

மிசோவில் கியோட்டோவின் பெருமை இனிப்பான வெள்ளை மிசோ. இனிப்பு கூடுதல், உப்பு குறைவு என்பதால் சூட்டில் சீக்கிரம் பழுப்பேறும். சிவப்பு மிசோவில் உப்பு அதன் இருமடங்குக்கு மேல், நம் வெயிலைத் தாங்கும். முதலில் சிவப்பில் அரை கிலோ வாங்குங்கள். வெள்ளையும் வேண்டுமென்றால் சென்னை வந்ததும் ஃப்ரீசரில் வையுங்கள், கல்லாக இறுகாது.

ஊறுகாய்க் கடையில் நேரம் செலவிடலாம், பணத்தை அளவோடு செலவிடுங்கள். நீங்கள் போகும் பருவத்தில் செம்மாய்சூகே கிடைக்கும்: ஷோகொயின் என்னும் பெரிய வெள்ளை டர்னிப்பை மெல்லிய வட்டங்களாகச் சீவிக் கொம்போடு ஊறவைத்தது. அருமையான பண்டம், ஆனால் குளிர்ச்சி இல்லாமல் பயணம் செய்யாது. கொண்டுவர ஷிபாசூகே நல்லது. உண்மையானது கத்தரிக்காய், சிவப்பு ஷிசோ இலை, உப்பு மூன்றும் புளித்து உண்டாவது. வினிகரும் சுவையூட்டிகளும் சேர்த்த விரைவு வகையும் பக்கத்திலேயே இருக்கும். பொருள்பட்டியல் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது. “யோ ரெய்சோ” என்று இருந்தால் குளிர்ச்சி கட்டாயம், அதைத் தவிர்த்து அறைவெப்பத்தில் வைக்கும் பொட்டலமாகக் கேளுங்கள்.

கத்தியை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அரித்சுகு கடைமுன் நிற்காமல் வரமாட்டீர்கள். வாள் செய்யும் பட்டறையாக 1560இல் தொடங்கியது. வாங்கினால் இருபக்கமும் தீட்டிய சந்தோக்கு வகையில் ஒன்று. ஒருபக்கக் கத்தி மீனைத் துண்டு போடும் கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு. கார்பன் எஃகுக் கத்தியில் புளி, எலுமிச்சை பட்டால் உடனே கழுவித் துடைக்க வேண்டும், இல்லையேல் அன்றே துரு. தேங்காய் ஓட்டிலும் எலும்பிலும் வைத்தால் விளிம்பு தெறித்துவிடும்.

பல கடைகள் புதன் அல்லது ஞாயிறு விடுமுறை, மாலை ஐந்து ஆறுக்குள் கடையடைப்பு. காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். உலர் பொருள்களை முதலில் வாங்குங்கள், மிசோவும் ஊறுகாயும் திரும்பும் வழியில். வாங்கிய தின்பண்டத்தை அந்தக் கடை முன்பே நின்று சாப்பிட வேண்டும், நடந்துகொண்டே சாப்பிடுவது அங்கே கூடாது. விமானத்தில் கத்தி செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். மிசோவும் சாறுள்ள ஊறுகாயும் திரவக் கணக்கில் வருவதால் அவையும் அதே பெட்டியில். ஷிசிமி என்னும் ஏழு மசாலாப் பொடி வாங்கினால் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சிங்கப்பூரில் இரண்டு நாள் தங்கித் திரும்பும் எண்ணமிருந்தால் அது கட்டாயம், அங்கே கசகசாவுக்குத் தடை.