குனிய முடியாத அம்மாவுக்காக இயந்திரக் கை உள்ள ரோபோ வாக்குவம் கிளீனர் வாங்கலாமா?

முதுகுவலியால் குனிய இயலாத உங்கள் அம்மாவுக்காக, தரையில் கிடக்கும் பொருள்களைத் தானே எடுத்து ஓரமாக வைக்கும் ரோபோ வாக்குவம் கிளீனரை வாங்கலாமா, அது கேட்கும் விலைக்குத் தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கை இல்லாத உயர்வகை ரோபோ ஒன்றை நீண்ட காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். எங்கள் வீட்டிலும் குனிய முடியாத மூத்தவர் ஒருவர் இருப்பதால், கை வைத்த மாதிரிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்தே அவை எனக்கு உதவுமா என்ற கண்ணோடு அவற்றைப் பற்றி விரிவாகப் படித்து வந்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் சொல்லும் தேவைக்கு இன்றைய இயந்திரக் கை பொருந்தாது. ஆனால் அது வெறும் வேடிக்கைப் பொருளும் அன்று. வேறு சில வீடுகளுக்கு அது உண்மையாகவே பயன்படும்.

முதலில் அந்தக் கை என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்த சி.இ.எஸ். மின்னணுப் பொருள் கண்காட்சியில் ரோபோராக் நிறுவனம் சாரோஸ் இசட்70 என்ற மாதிரியை அறிமுகப்படுத்தியது. ஐந்து அச்சுகளில் அசையும் மடக்குக் கை ஒன்று அதன் உடலுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. தேவைப்படும்போது மேல்மூடி திறந்து, கை வெளியே நீண்டு, முனையிலுள்ள பிடியால் பொருளைக் கவ்வுகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் பெர்லினில் நடந்த ஐ.எஃப்.ஏ. மின்னணுப் பொருள் கண்காட்சியில் டிரீமி நிறுவனமும் கை வைத்த மாதிரி ஒன்றைக் காட்டியது. ஆக, இது ஒரே நிறுவனத்தோடு நின்றுவிடும் முயற்சியாகத் தெரியவில்லை.

சாரோஸ் இசட்70 தூக்கக்கூடியதாக நிறுவனம் சொல்லும் உச்ச எடை 300 கிராம். இந்த ஓர் எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் அம்மா வீட்டுத் தரையைப் பாருங்கள். காலுறை, கசங்கிய டிஷ்யூ தாள், சிறிய துண்டு, இலேசான வீட்டுச் செருப்பு ஆகியவை இதற்குள் அடங்கும். தண்ணீர் நிறைந்த பாட்டில், கனமான புத்தகம், தடித்த அடியுள்ள காலணி ஆகியவை அடங்கா. நீட்டிய கையின் நுனியில் எடை கூடக்கூட, மூட்டுகளிலுள்ள மோட்டார்கள் தாங்க வேண்டிய திருப்புவிசையும் கூடும், தட்டையான அந்தச் சிறிய உடல் ஒரு பக்கமாகச் சாயும் அபாயமும் கூடும். கட்டிலுக்கும் சோபாவுக்கும் அடியில் நுழைவதற்காக 8 சென்டிமீட்டருக்கும் குறைவான உயரத்தில் அமைக்கப்பட்ட ஓர் உடலுக்குள் பெரிய மோட்டார்களை வைக்கவும் இடமில்லை. எனவே மென்பொருளைப் புதுப்பித்து இந்த வரம்பைப் பெரிதாக உயர்த்திவிட முடியாது.

எடையைவிடக் கடினமானது அடையாளம் காண்பது. ஒரு காலுறையை எடுத்துப் பத்து முறை கீழே போட்டுப் பாருங்கள். பத்து முறையும் வேறு வேறு வடிவத்தில் விழும். ஒருமுறை உருண்டையாகச் சுருண்டு கிடக்கும், அடுத்த முறை ஒட்டிப் படுத்துவிடும், இன்னொரு முறை பாதி நாற்காலிக் காலுக்குப் பின்னால் மறைந்திருக்கும். கேமரா அதைக் காலுறை என்று அறிந்தால் மட்டும் போதாது. எந்த இடத்தில் பிடித்தால் மடிப்பு மேலே வரும், எங்கே பிடித்தால் பிடி வெறுந்தரையில் சறுக்கும் என்பதையும் கணிக்க வேண்டும். கறுப்புத் தரையில் கறுப்புக் காலுறை, நல்ல பூவேலையுள்ள கம்பளத்தின்மேல் பூப்போட்ட துணி, விளக்கு அணைந்த அறை ஆகியவை இந்தக் கணிப்பை மேலும் குழப்பும். மனிதக் கைக்கு இது சிந்திக்கவே தேவையில்லாத வேலை என்பதால்தான், இயந்திரத்துக்கும் எளிதாக இருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

வேலை நடக்கும் வரிசையையும் தெரிந்துகொள்ளுங்கள். ரோபோ முதலில் பொருள்களைச் சுற்றி ஒதுங்கிச் சென்று அறையைச் சுத்தம் செய்கிறது. தூக்கக்கூடியவை எங்கே கிடக்கின்றன என்று குறித்துக்கொள்கிறது. பிறகு திரும்பி வந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சென்று வைத்துவிட்டு, அவை கிடந்த இடத்தை மறுபடியும் சுத்தம் செய்கிறது. ஆளில்லாத நேரத்தில் ஓடவிடுகிறவர்களுக்கு இந்தக் கூடுதல் நேரம் ஒரு பொருட்டே இல்லை. வீட்டிலேயே இருக்கும் அம்மாவுக்கு, காலடியில் நீண்ட நேரம் சுற்றிவரும் இயந்திரம் தடுக்கி விழச்செய்யும் ஒன்றாக மாறலாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதை நான் முதன்மையான கவலையாகவே கருதுகிறேன்.

நீங்கள் கேட்ட கேள்வியின் மையம் இப்போது வருகிறது. எடுத்த காலுறையை ரோபோ எங்கே வைக்கிறது? தரையில் வைக்கப்பட்டிருக்கும் ஒரு பெட்டிக்குள். செருப்பை எங்கே கொண்டுபோகிறது? தரையில் நீங்கள் குறித்துக் கொடுத்த மூலைக்கு. அதாவது சிதறிக் கிடந்தவை ஓரிடத்தில் சேர்கின்றன, ஆனால் தரை மட்டத்திலேயே இருக்கின்றன. பத்து முறை குனிவது ஒருமுறையாகக் குறையும் என்பது உண்மை; குனியவே முடியாதவருக்கு அந்த ஒருமுறையும் பிறர் உதவியைத்தான் கேட்கும். மேசை உயரத்துக்குத் தூக்கித் தருவதற்காக இந்தக் கை அமைக்கப்படவில்லை. ரோபோ தடைபடாமல் ஓடுவதற்குத் தரையை ஒதுக்கித் தருவதே அதன் நோக்கம். சிறு பிள்ளைகள் துணிகளையும் இலேசான பொருள்களையும் ஓயாமல் இறைக்கும் வீட்டில், பெரியவர்கள் வேலைக்குச் சென்றிருக்கும்போது தரை ஒதுங்கினால் அது பெரிய உதவி. அந்த வீட்டுக்காரர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

குனிய வைக்கும் மற்ற வேலைகளையும் எண்ணிப் பாருங்கள். என் ரோபோவில் ஒரு காலுறை நுனி சுழல் தூரிகைக்குள் இழுபட்டு அது நின்றுபோனபோது, அதைக் கவிழ்த்துப் போட்டு, தூரிகையைக் கழற்றி, துணியை உருவ வேண்டியிருந்தது. அச்சின் இரு முனைகளிலும் தலைமுடி இறுகச் சுற்றி, தொட்டால் மரம்போல் கெட்டியாகியிருந்தது. கத்தரிக்கோல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித்தான் எடுக்க முடிந்தது. கை உள்ள ரோபோ அந்தக் காலுறையை முன்கூட்டியே எடுத்திருக்கலாம். முடியை எடுத்திருக்காது, தரையைத் துடைத்தபின் சேரும் அழுக்குத் தண்ணீர்த் தொட்டியையும் கொட்டியிருக்காது. சார்ஜர் வயர், திரைச்சீலைத் தொங்கல், கம்பளக் குஞ்சம் போன்ற, ரோபோவை அதிகம் சிக்கவைக்கும் பொருள்களும் கையின் வேலைப்பட்டியலில் இல்லை.

உறிஞ்சுதிறன் எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். சாரோஸ் இசட்70க்கு 22,000 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) என்று சொல்கிறார்கள்; கடல்மட்டக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. தூசியைத் தூக்கிச் செல்வது காற்றோட்டத்தின் அளவும் தூரிகையின் அமைப்பும் சேர்ந்துதான். அழுத்த எண் அவற்றில் ஒரு பகுதியை மட்டுமே சொல்லும். கை இல்லாத உயர்வகை மாதிரிகளும் இந்தத் திறனில் அதற்கு நெருக்கமாகவே இருக்கின்றன. ஆகவே, நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் கைக்காகவே போகிறது.

கேமரா குறித்தும் ஒரு சொல். அறையைப் பார்க்காமல் எந்தக் கையும் பொருளை எடுக்க முடியாது. ஐரோபோட் நிறுவனத்தின் சோதனை ரோபோக்கள் வீடுகளுக்குள் எடுத்த அந்தரங்கப் படங்கள் இணையத்தில் கசிந்த செய்தி 2022இல் வெளிவந்தது. அவை விற்பனைக்கு வந்த இயந்திரங்கள் அல்ல. ஆனாலும் கழிவறை, உடைமாற்றும் இடம் ஆகியவற்றை ரோபோவின் கைபேசி ஆப்பில் அது நுழையக்கூடாத தடைப்பகுதியாகக் குறித்துவிடுவதே நல்லது.

உங்கள் அம்மாவுக்கு நான் பரிந்துரைப்பது, துடைப்புத் துணியைத் தானே கழுவி உலர்த்தி, தூசியையும் தானே காலிசெய்துகொள்ளும் சார்ஜ் நிலையத்தோடு வரும் கை இல்லாத ரோபோ ஒன்று. அதோடு நின்றபடியே பொருளைக் கவ்வி எடுக்கும் நீண்ட பிடிக்கோல் ஒன்று. அந்தக் கோல் செருப்பையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் எடுத்து நேராக அவர் கைக்குக் கொண்டுவரும். மின்சாரமும் மென்பொருளும் வேண்டியதில்லை. நிலையத்தின் தண்ணீர்த் தொட்டிகள் மேற்புறமாகத் தூக்கி எடுக்கும் வகையில் இருக்கின்றனவா, நிரம்பிய தொட்டியின் எடை அவரால் தாங்கக்கூடியதா என்று கடையிலேயே அவரையே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கை உள்ளதையே வாங்குவதென்று தீர்மானித்தால், திருப்பித் தரும் கால அவகாசம் உள்ள இடத்தில் வாங்குங்கள். கை பழுதானால் மற்ற பகுதிகள் தொடர்ந்து இயங்குமா, கையின் மூட்டுகளுக்கு உத்தரவாதம் தனியா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அவகாசம் முடிவதற்குள், வீட்டில் வழக்கமாகக் கிடக்கும் பொருள்களையே வழக்கமான இடங்களில் கிடக்கவிட்டு, இரவு வெளிச்சத்திலும் ஓடவிட்டு, அது எத்தனையை எடுத்தது, எத்தனையை நழுவவிட்டது, எத்தனையைக் கண்டுகொள்ளவே இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் உங்கள் கையால்தான் எடுக்க வேண்டியிருந்தால், தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.