பக்கத்துப் பக்கத்து ஆறுகளில் வாழும் ஒரே மீனுக்குக் குரோமோசோம் எண்ணிக்கை மாறுமா?

மாறும். ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

பிரேசிலில் டிரைரா என்றொரு மீன் இருக்கிறது. அறிவியல் பெயர் ஹோப்லியாஸ் மலபாரிகஸ். மலபாருக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 1794இல் பெயர் வைத்த ஜெர்மன் மீனியலாளர் பிளாக், ஊரைத் தவறாக எண்ணிவிட்டார். மேல் பரானா படுகையில் இந்த மீனின் பெண்ணுக்கு 40 குரோமோசோம்கள், ஆணுக்கு 39. ஆணிடம் இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்டு ஒரே பெரிய ஒய் (ஆண்பால் குரோமோசோம்) ஆகிவிட்டதால் ஒன்று குறைகிறது. டோசே ஆற்றுப்படுகையின் ஏரிகளிலோ இருபாலுக்கும் 42, ஆணுக்கு எக்ஸ்-ஒய். வேறு பல ஆறுகளிலும் அதே 42தான், ஆனால் பால் குரோமோசோம் என்று எதையும் தனியே பிரித்துக் காட்ட முடியாது. இப்படி ஏழு வகைகள். ஒரே ஆற்றில் இரண்டு வகைகள் சேர்ந்து வாழும் இடங்களிலும் கலப்பு அரிதாகவே காணப்படுகிறது. இவை ஒரே பெயருக்குள் ஒளிந்திருக்கும் பல இனங்கள் என்பதே என் எண்ணம்.

காரணம் ஆறுகளின் தூரம் அல்ல, மீனின் சுபாவம். டிரைரா தேங்கிய நீரில் பதுங்கியிருந்து இரை பிடிக்கும், நெடுந்தூரம் போகாது. ஒரு சிறு கூட்டத்தில் தோன்றிய மாற்றம் அங்கேயே நிலைத்துவிடும். அதே பரானாவில் முட்டையிட வெகுதூரம் நீந்திப்போகும் குரிம்பாட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள்: எங்கே பிடித்தாலும் அடிப்படை 54. சில இடங்களில் உதிரியாகச் சில நுண் குரோமோசோம்கள் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

எண்ணும் வேலை புத்தகத்தில் படிப்பதைப் போல எளிதல்ல. மாணவனாக இருந்தபோது ரோகு மீனுக்கு, செல் பிரிவதைப் பாதியில் நிறுத்தும் கொல்கிசின் ஊசி போட்டு, சிறுநீரகத் திசுவை எடுத்து, நீர்த்த உப்புக் கரைசலில் செல்களை உப்பவைத்து, கண்ணாடித் தகட்டில் சொட்டுவிட்டு, ஜீம்சா சாயம் ஏற்றிப் பார்த்தேன். வரவேண்டியது 50. முதல் தகட்டில் 47, 49, 48 என்று வந்தது. புதிய கண்டுபிடிப்பு என்று துள்ளினேன். செல் வெடித்துக் குரோமோசோம்கள் சிதறியிருக்கின்றன என்று ஆய்வக அண்ணன் சிரித்தார். நிறைய செல்களை எண்ணி, அடிக்கடி வரும் எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் ஆறுகளை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் ஒவ்வொரு மீனின் வயிற்றையும் திறந்து, ஆணா பெண்ணா என்று முதலில் குறித்துவையுங்கள். நான் ஒருமுறை அதை மறந்தேன். ரோகு என்பதால் தப்பித்தேன். டிரைராவாக இருந்திருந்தால் 39ஐயும் 40ஐயும் இரண்டு வெவ்வேறு கூட்டங்கள் என்று எழுதியிருப்பேன்.