கைப்பிள்ளை வீட்டில் கிறிஸ்மஸ்: வாசகர் கேள்வி பதில்

டிசம்பரில் பிள்ளைப்பேறு வரும் வீடுகளில் இருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள். பண்டிகைக்கு இன்னும் இரண்டு மாதம் இருப்பதால் இப்போதே பதில் சொல்லிவிடுகிறோம். மருத்துவ விஷயங்களில் எல்லோருக்கும் பொருந்துவதை மட்டுமே சொல்லியிருக்கிறோம். உங்களைப் பார்க்கிற டாக்டர் வேறு சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

கேள்வி: டிசம்பர் 20 என்று டாக்டர் நாள் குறித்திருக்கிறார். தலைப்பிரசவம், அம்மா வீட்டில் இருக்கிறேன். சென்னையில் இருக்கும் மாமனார், மாமியார், கொழுந்தன் குடும்பம் எல்லோரும் கிறிஸ்மஸுக்கு இங்கேயே வருகிறோம் என்கிறார்கள். எந்தத் தேதிக்கு டிக்கெட் போடச் சொல்லட்டும்?
– வாசகி, நாங்குநேரி

பதில்: குறித்த நாளிலேயே பிறக்கிற பிள்ளைகள் குறைவு. 37 வாரம் முடிந்ததில் இருந்து 42 வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வலி எடுக்கலாம். உங்கள் கணக்கில் அது நவம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை. அதனால் 23, 24ஆம் தேதிக்குக் கூட்டமாக டிக்கெட் போட்டால், நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்க, வந்தவர்களுக்கு உங்கள் அம்மா சோறு வடித்துக்கொண்டிருக்க நேரும். மாமியார் மட்டும் முன்னால் வரட்டும். மற்றவர்கள் 27க்கு மேல் வந்து புதுவருஷம் கழித்துத் திரும்பட்டும்.

ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்தான் முன்பதிவு திறக்கிறது. 2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது, அந்தப் பழைய கணக்கில் இருக்காதீர்கள். டிசம்பர் 27 பயணத்துக்கு அக்டோபர் 28 காலை 8 மணிக்குத் திறக்கும். நெல்லை எக்ஸ்பிரஸ், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் இரண்டிலும் பண்டிகை நாட்களுக்குச் சட்டென்று தீர்ந்துவிடும். மாமியாருக்கு மட்டும் தட்கல் பார்த்துக்கொள்ளலாம்: பயணத்துக்கு முந்தின நாள் ஏசி பெட்டிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி.

டிக்கெட்டைவிட மழைதான் பெரிய யோசனை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றுபோனது. பல ஊர்களுக்குப் போக வழியே இல்லாமல் இருந்தது. உங்கள் ஊரில் இருந்து மெயின் ரோட்டுக்கு வர ஓடையோ குளத்துக்கரையோ தாண்ட வேண்டும் என்றால், டிசம்பர் பத்துக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு மாறிவிடுவது நல்லது. வானிலை அறிவிப்பில் ‘மிக கனமழை’ என்று வந்த பிறகு மாறலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

பையை நவம்பர் கடைசி வாரமே கட்டி வையுங்கள். பழைய பருத்தி வேட்டித் துண்டுகள் பத்துப் பன்னிரண்டு (துவைத்து, வெயிலில் காயவைத்தது), முன்பக்கம் திறக்கும் நைட்டி மூன்று, நாப்கின், பிள்ளைக்குக் குல்லா இரண்டு, ஆதார், ஸ்கேன் ஃபைல், ரத்த குரூப் சீட்டு. காகிதங்கள் எல்லாம் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் இருக்கட்டும். ஆஸ்பத்திரியிலும் இப்போதே மூன்று விஷயம் கேட்டு வையுங்கள்: 24, 25 இரவில் எந்த டாக்டர் இருப்பார், மயக்க மருந்து டாக்டர் கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வருவார், ரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும். அவசரத்துக்கு 108. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனால், வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவிட 102 தாய் சேய் ஊர்தி உண்டு, அதற்குக் காசு கிடையாது.

கேள்வி: டிசம்பர் முதல் வாரத்தில் எங்களுக்குப் பேரப்பிள்ளை வரும். கிறிஸ்மஸ் விடியற்கால ஆராதனைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், அன்றே ஞானஸ்நானமும் கொடுத்துவிடலாம் என்று ஆச்சி சொல்கிறார்கள். மதினிக்கு மனம் இல்லை. யார் சொல்வது சரி?
– வாசகி, டோனாவூர்

பதில்: மதினி சொல்வது. நாலு, அஞ்சு மணிப் பனியில் போய் நெரிசலில் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தால் கோவில் வாசலிலேயே சரவெடி. மூன்று வாரப் பிள்ளைக்கு இதில் பனி சின்னப் பிரச்சினைதான், துணி போர்த்தினால் தீரும். இருமலும் சளியும் உள்ள நூறு பேர் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுப்பதுதான் பெரிய ஆபத்து. பெரியவர்களுக்கு வெறும் ஜலதோஷமாகப் போகிற வைரஸ், கைப்பிள்ளைக்கு மூச்சுத்திணறலாக மாறும்.

ஞானஸ்நானத்தை ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்கள். பல சேகரங்களில் (சபைப் பிரிவுகளில்) அதற்கென்று நாள் ஒதுக்கியிருப்பார்கள், ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம், முன்கூட்டியே சொல்லிப் பெயர் கொடுக்க வேண்டும். கிறிஸ்மஸ் அன்று அவருக்கு நாலு ஊர்க் கோவில் பார்க்க வேண்டியிருக்கும். ஆறு வாரத் தடுப்பூசி ஜனவரி நடுவில் வரும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை போடுவார்கள். ஊசி போட்ட இரவு காய்ச்சல் அடிக்கலாம் என்பதால், ஞானஸ்நானத்துக்கும் அதற்கும் நாலைந்து நாள் இடைவெளி விடுங்கள்.

கிறிஸ்மஸ் அன்றைக்கு வீட்டிலும் சில விஷயங்களில் கறாராக இருக்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தொடட்டும், சளி இருந்தால் வாசலோடு சரி. சாம்பிராணிப் புகை வேண்டாம். முடி காய வேண்டும் என்றால் துண்டால் ஒற்றினால் போதும். வெடிச்சத்தம் கேட்கும் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள். தொப்புள்கொடி விழும்வரை அதில் எண்ணெய், பவுடர், சாம்பல் எதுவும் வைக்காமல் காய்ந்தபடியே விடுங்கள். சேனை வைக்கிறோம் என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் தொட்டு வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமிவித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சு உண்டாக்கி, தசைகளைத் தளரவைக்கும். ஆச்சிக்கு மனம் கோணாமல் இருக்க, ஆராதனை முடிந்து வந்ததும் முதலில் அவர்கள் மடியில் பிள்ளையை வைத்து ஜெபம் பண்ணச் சொல்லுங்கள்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாகத் தெரிந்தாலோ பண்டிகை என்று பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்க முந்திரிக்கொத்து செய்கிறோம். ஒவ்வொரு வருஷமும் எண்ணெயில் போட்டதும் பாதி உடைந்துவிடுகிறது. ஒரு வாரத்தில் காறல் வாடையும் வருகிறது.
– வாசகி, திசையன்விளை

பதில்: உடைவது பாகால், காறுவது தேங்காயால். அளவோடு சொல்கிறோம்.

பாசிப்பயறு அரை கிலோ, வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, ரவையைவிடச் சற்று நைசாகத் திரிக்கவும். ரொம்ப மாவாகிவிட்டால் உருண்டை கல்லாகும். ஒரு தேங்காயைத் துருவி, சிறு தீயில் ஈரம் முழுக்கப் போய்ப் பொன்னிறமாகும்வரை வறுக்கவும். கையில் அள்ளினால் உமி மாதிரி உதிர வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டு எடுத்துவிடுவதால்தான் உங்களுக்கு வாடை வருகிறது. வறுத்த எள் 50 கிராம், ஏலக்காய் 10, சுக்குப்பொடி ஒரு டீஸ்பூன்.

கருப்பட்டி 400 கிராமை 150 மில்லி தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். உடன்குடிக் கருப்பட்டியானாலும் வடிகட்டத்தான் வேண்டும், அடியில் மணல் நிற்கும். மறுபடி கொதிக்கவிட்டு ஒற்றைக் கம்பிப் பதத்தில் இறக்கி, மேலே சொன்னதெல்லாம் கலந்த மாவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறவும். பாகு இளசாக இருந்தால் உருண்டை எண்ணெயில் உள்ளே இளகி வெடிக்கும். முற்றிவிட்டால் பிடிக்கும்போதே விரியும். அப்படி விரிந்தால் ஒரு கரண்டி வெந்நீர் தெளித்துச் சூட்டோடு பிடியுங்கள். எலுமிச்சையைவிடச் சின்னதாகப் பிடித்தால் ஐம்பதுக்கு மேல் வரும். பிடித்த உருண்டையை அன்றே சுடாதீர்கள். ஓர் இரவு தட்டில் பரப்பி, மெல்லிய துணி மூடிக் காயவிட்டால் மேல் இறுகும்.

மறுநாள் பச்சரிசி மாவு 200 கிராம், ஒரு கை உளுந்துமாவு, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், உப்பு சேர்த்துத் தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகக் கரைக்கவும். உளுந்துமாவு ஒட்டுவதற்கு. முக்கி, மூன்று மூன்றாக ஒன்றோடொன்று ஒட்டும்படி எண்ணெயில் விடவும். தீ நடுத்தரம். எண்ணெய் புகைந்தால் மேல் மாவு சிவந்து வெடிக்கும், காயாமல் இருந்தால் எண்ணெய் குடிக்கும். முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள், மூடியின் உள்பக்கம் வியர்த்தால் பூசணம் பிடிக்கும். பத்து நாள் தாராளமாக வரும். பிள்ளை பெற்றவளும் சாப்பிடலாம், பயறும் எள்ளும் அவளுக்கு நல்லதுதான்.

கேள்வி: போன டிசம்பர் 24 பாளையங்கோட்டையில் என் மகன் பிறந்தான். நாங்கள் கோயம்புத்தூரில் இருக்கிறோம். பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் சேர்க்கவில்லை. முதல் பிறந்தநாள் நெருங்குகிறது, இனி முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முடியும். பதிவான நாளில் இருந்து 12 மாதம்வரை பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. பிறந்த நாளில் இருந்து அல்ல, பதிவு நாளில் இருந்து. சான்றிதழில் இரண்டு தேதியும் அச்சாகியிருக்கும், பாருங்கள். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணத்தோடு 15 வருஷம்வரை சேர்க்கலாம். பிறந்த இடத்தில்தான் பதிவு நடக்கும் என்பதால் உங்களுக்குத் திருநெல்வேலி மாநகராட்சிப் பதிவாளர்தான், கோயம்புத்தூரில் கேட்டுப் பயனில்லை. கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வரும்போது முடித்துவிடலாம் என்று விடாதீர்கள், அந்த வாரம் அலுவலகத்துக்கு விடுமுறையும் வரும்.

பெயரை எழுதிக் கொடுக்கும் முன் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். பதிந்த பிறகு எழுத்துப்பிழையைத் திருத்தலாமே தவிர, பிடிக்கவில்லை என்று பெயரை மாற்ற முடியாது. நோயல் என்பதை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். இம்மானுவேல் என்று தமிழில் வைத்துவிட்டு ஆங்கிலத்தில் ஓர் ‘எம்’மை விட்டுவிடுகிறார்கள். அப்பா அம்மா பெயர் ஆதாரில் இருப்பதுபோலவே, இனிஷியல் உட்பட இருக்கட்டும். 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கையில் இருந்து பாஸ்போர்ட்வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம்.

இந்த டிசம்பரில் பிள்ளை பெறுகிறவர்களுக்கும் சேர்த்து: பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியே அனுப்பிவிடும், ஆனால் அனுப்பினார்களா என்று நீங்கள் கேட்க வேண்டும். 24ஆம் தேதி பிறந்தால் கெடு ஜனவரி 14, அதாவது பொங்கலை ஒட்டி.

கேள்வி: மூத்தவனுக்கு நாலு வயது. டிசம்பரில் தம்பியோ தங்கையோ வந்ததும் அவனை யாரும் கவனிக்க மாட்டார்களே என்று கவலையாக இருக்கிறது.
– வாசகி, வடக்கன்குளம்

பதில்: குடிலை அவன் பொறுப்பில் விடுங்கள். டிசம்பர் 14 வாக்கில் கேழ்வரகை எட்டு மணி நேரம் ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதும், தட்டில் இரண்டு விரல் உயரம் மண் போட்டு நெருக்கமாகத் தூவச் சொல்லுங்கள். ஊற்றக் கூடாது, தினம் இரண்டு தடவை தெளிக்கணும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிப் பூசணம் பிடிக்கும், மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம். அதனால் தட்டின் அடியில் ஓட்டை போடுங்கள். 24 இரவுக்குக் குடிலின் புல்லாகப் பச்சென்று நிற்கும். குழந்தை இயேசுவைக் குடிலில் வைப்பதும் அவன் வேலையாகவே இருக்கட்டும்.

கேள்வி: என் மகள் பிறந்தது டிசம்பர் 25. ‘எனக்கு மட்டும் பர்த்டேயே இல்லை’ என்று அழுகிறாள்.
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: நியாயமான அழுகை. ஒரே சட்டையைக் கிறிஸ்மஸுக்கும் பிறந்தநாளுக்கும் கணக்குக் காட்டுவதை முதலில் நிறுத்துங்கள். காலையில் கோவில், மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அவளுக்கு. கேக் பிளம் கேக்காக இருக்கக் கூடாது. பேக்கரிகளில் 23, 24இல் ஆர்டர் குவியும், பத்து நாள் முன்பே சொல்லி, 24 மாலையே வாங்கி ஃபிரிட்ஜில் வையுங்கள். பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுப்பது அரையாண்டு விடுமுறை முடிந்து திறக்கிற நாளில்.

கேள்வி: பிள்ளையின் முதல் கிறிஸ்மஸ் நினைவாக எதையெல்லாம் எடுத்து வைக்கலாம்?
– வாசகர், களக்காடு

பதில்: முதலில் ஸ்கேன் படம். அது வெப்பத்தில் அச்சாகும் தாள், தானாகவே மங்கும். லேமினேஷன் போட்டால் சூட்டில் முழுக்கக் கறுத்துவிடும். இப்போதே போனில் படம் பிடித்துச் சாதாரண ஃபோட்டோவாகப் பிரிண்ட் போட்டுவிடுங்கள். கையில் கட்டிய ஆஸ்பத்திரிப் பட்டையில் மை அழியும், அதையும் அப்படியே.

தடம் எடுக்க, கையைவிடக் கால் சுலபம். பிறந்த பிள்ளை விரலை மடக்கியே வைத்திருக்கும். பால் குடித்துத் தூங்கும்போது, நஞ்சில்லாத, தண்ணீரில் கழுவினால் போகிற மையைத் தொட்டு, கெட்டியான 300 ஜிஎஸ்எம் தாளை அட்டையில் வைத்துப் பாதத்தில் அழுத்துங்கள். பாதத்தைத் தாளுக்குக் கொண்டுவந்தால் இழுபடும். மைதா இரண்டு கப், தூள் உப்பு ஒரு கப், முக்கால் கப் தண்ணீர் பிசைந்து அச்செடுப்பதும் உண்டு. 100 டிகிரி செல்சியஸ் ஓவனில் மூன்று மணி நேரம் ஆகும். நம் ஊர் டிசம்பர் ஈரத்தில் உப்பு தண்ணீரை இழுத்து நெகிழ்ந்துவிடும், இரண்டு பக்கமும் வார்னிஷ் அடிக்காமல் வைக்காதீர்கள். தாள்தான் நம்பகம்.

முதல் சட்டையைக் கஞ்சி போடாமல் துவைத்து, நன்றாகக் காயவைத்து, பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். கஞ்சி இருந்தால் பூச்சி வரும், பிளாஸ்டிக் கவரில் வைத்தால் மஞ்சள் படியும். அந்துருண்டை வேண்டாம். அதில் உள்ள நாப்தலீன், ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ரத்த அணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள்காமாலை உண்டாக்கும். அந்தக் குறைபாடு இருப்பது வெளியே தெரியாது. காய்ந்த வேப்பிலையை ஒரு துணிமுடிச்சில் கட்டிப் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.